பெரிய தேவாலயம், காஸ்திலியோனே

1859 ஜூன் 24: சோல்ஃபெரினோ போர். காயம்பட்டவர்கள் வண்டி வண்டியாக இவ்வூர் வந்து சேர்ந்தார்கள். இங்கே வைக்கோல் பரப்பிக் கிடத்தினார்கள். வேறு வேலையாக வந்த ஜெனீவா வணிகர் ஆன்ரி துனானும் ஊர்ப் பெண்களும் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள். பிரெஞ்சுக்காரனா ஆஸ்திரியனா என்று பார்க்கவில்லை.

1864 ஆகஸ்ட் 22 அன்று 12 நாடுகள் ஒப்பமிட்ட ஜெனீவா உடன்படிக்கை இதைச் சட்டமாக்கியது. மொத்தம் பத்தே பிரிவுகள். காயமடைந்தவர், நோயுற்றவர் எந்த நாட்டுப் படையினரானாலும் எடுத்துப் பராமரிக்க வேண்டும் என்கிறது ஆறாம் பிரிவு. அதிகம் பேசப்படாத ஐந்தாம் பிரிவோ இந்த ஊருக்காகவே எழுதியது போலிருக்கும்: காயம்பட்டவருக்கு வீட்டில் இடம் கொடுத்தவர், அங்கே படையினரைத் தங்கவைக்க வேண்டியதில்லை, போர் வரியிலும் ஒரு பகுதி தள்ளுபடி.