நிறுத்தும் பொத்தான் யார் கையில்?

அவரை விதை முளைக்கும் வீடியோ ஓடுகிறது. தோல் வெடிக்கிறது, வேர் கீழே வளைகிறது, கொக்கிபோல் குனிந்த தண்டு மண்ணை முட்டிக்கொண்டு மேலே வருகிறது. வகுப்பே வாய் பிளந்து பார்க்கிறது. "முதலில் வந்தது வேரா, இலையா?" என்று கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். ஏன்?

கண்ணும் காதும் தனித்தனி வாசல்கள். படத்தையும் பேச்சையும் ஒருசேர வாங்கிக்கொள்ளும். பல்லூடகத்தின் பலமே அதுதான். ஆனால் உள்ளே இருக்கும் செயல்நினைவு மிகச் சிறியது. ஒரு காட்சியை அடுக்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்து அதைத் தள்ளிவிடுகிறது.

2001-ல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும், மின்னல் உருவாவதை விளக்கும் அசைபடத்தை 16 துண்டுகளாக்கினார்கள். பொத்தானைத் தட்டினால்தான் அடுத்தது வரும். நிற்காமல் ஓடிய படத்தைப் பார்த்தவர்களைவிட, தட்டித் தட்டிப் பார்த்தவர்கள் புதிய கேள்விகளுக்கு நன்றாக விடை சொன்னார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு அந்த இடைவெளி இன்னும் எவ்வளவு தேவை!

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல், வீடியோக்களைத் திறக்கும் கியூ.ஆர். கோடு இருக்கிறது. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு போனைக் கொடுத்துவிட்டு, ஆசிரியர் சற்று விலகி நிற்கட்டும். வேர் எட்டிப்பார்க்கும் நொடியில் ஒருத்தி நிறுத்துவாள். ஒருவன் நோட்டில் வரைவான். "திரும்பப் போடு" என்பான் மூன்றாமவன். நான்காமவள், ஈரப் பஞ்சில் தான் போட்டுவைத்த விதையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள்.