வலிக்காத உறுப்பு

பத்தாண்டுகளாக எனக்கு நீரிழிவு. கண்ணையும் பாதத்தையும் பார்த்துக்கொண்ட நான் சிறுநீரகத்தை நினைக்கவில்லை. வலித்தால்தானே நினைப்போம்!

நம் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு இரத்தத்திலிருந்து ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகும். மற்றது உடலுக்கே திரும்பும். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மிகுந்தால் அவை பழுதடைந்து, இரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் கசியும். அப்போதும் வலி இராது. சிங்கப்பூரில் சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவே முதற்காரணம்.

பலதுறை மருந்தகத்தில் ஆல்புமின் சோதனை செய்தபோதுதான் எனக்குக் கசிவு தெரியவந்தது. முழங்கால் வலிக்கு நானாக வாங்கி விழுங்கிய மாத்திரைகளை மருத்துவர் நிறுத்தச் சொன்னார். ஊறுகாயையும் குறைக்கச் சொன்னார். (அதுதான் எனக்குச் சிரமம்.) நீரிழிவுள்ள அன்பர்கள் ஆண்டுக்கொரு முறை இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளவேண்டும். ஒரு சிறு குப்பிச் சிறுநீரே போதும்.