உலர் அத்திப்பழம் தினமும் தின்னலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற பலருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. தண்ணீர் குடிப்பதும் குறைவு. மலச்சிக்கல் வரத்தானே செய்யும்? அதற்கு உலர் அத்திப்பழம் உதவும். 100 கிராமில் சுமார் 10 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. ராத்திரி மூன்று பழத்தைக் கழுவி ஊறப் போடுங்கள். காலையில் மென்று தின்று, ஊறிய தண்ணீரையும் குடியுங்கள். பூசணம் பிடித்த பழத்தை வாங்காதீர்கள்.

இது நம் வாய்க்கால் கரையில் நிற்கும் நாட்டு அத்தி அல்ல, சீமை அத்தி. ஆப்கானிஸ்தானிலிருந்து வருவதே அதிகம், விலையும் அதிகம். எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஆகவே நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் தின்ன வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து கிடைக்குமே என்று கடன்பட்டு வாங்க வேண்டாம். மூன்று பழம் சுமார் 25 கிராம் இருக்கும். அதில் கிடைப்பது 40 மில்லிகிராம்தான். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கேழ்வரகுக் கூழ் வார்க்கிறோமே, அந்த மாவு 50 கிராமிலேயே 170 மில்லிகிராம் இருக்கிறது. வசதி உள்ளவர்கள் பழம் தின்னுங்கள். மற்றவர்கள் கூழும் கீரையும் விடாமல் சாப்பிட்டு, தண்ணீரும் நிறையக் குடியுங்கள். பழம் இல்லையே என்ற குறை வேண்டாம்.