மண்டபத்து விதானத்திற்கு எவ்வண்ணம்?

திருக்கோயிலின் தலைவாசலில் நின்று இராச கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பாத அன்பர் இல்லை. கொடிமரத்தை வணங்கி உள்ளே நுழைந்தபின், துவாரபாலகர்களையும் தூண்களில் அமைந்த சுதைச் சிற்பங்களையும் கண்டு மகிழ்வோரும் பலர். ஆயின், தலைக்கு மேலே விரிந்திருக்கும் மகா மண்டபத்து விதானத்தை நிமிர்ந்து நோக்குவோர் மிகச் சிலரே. அதனாலோ என்னவோ, அவ்விடத்திற்கு எந்த வண்ணம் பூசுவது என்னும் கேள்வி திருப்பணிக் குழுக் கூட்டங்களில் கடைசியாகவே எழுகிறது. "வெள்ளையடித்து விடலாம்" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் கலைந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிட முடிவின் பலனை அடுத்த குடமுழுக்கு வரையில், பன்னிரண்டு ஆண்டுகள், அடியார்கள் அனுபவிக்க வேண்டியுள்ளது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மேற்கட்டியே விதானம்

விதானம் என்னும் சொல்லுக்கு மேற்கட்டி என்பது பொருள். தெய்வத் திருமேனிக்கு மேலே மரியாதையின் அடையாளமாகக் கட்டப்படும் துணியே மேற்கட்டி. கல்லாலும் காரையாலும் கூரை அமைந்த பின்னரும் அந்தத் துணியின் நினைவு நம் கலைஞர்களை விட்டு நீங்கவில்லை. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் சமணக் குடைவரையில், கருவறையின் மேற்புறத்தில் துணி விரித்தாற்போன்ற கோலத்தையும், முன் மண்டபத்தின் மேற்புறத்தில் மீனும் பறவையும் யானையும் உலவும் தாமரைத் தடாகத்தையும் இன்றும் காணலாம். நம் நாட்டுக் கோயில்களின் விதான நடுவே தமிழகத்துச் சிற்பிகள் எழுதும் தாமரை வட்டம், இந்த நெடிய மரபின் வழிவந்ததே. ஆகவே விதானம் வெறும் கூரையன்று. இறைவனுக்கு நாம் பிடிக்கும் மேற்கட்டி. மேற்கட்டியின் அழகு, தன் கீழே வீற்றிருப்பவரை எடுத்துக்காட்டுவதில்தான் உள்ளது.

மூன்று தலங்கள், மூன்று வழிகள்

நம் வட்டாரத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. சிங்கப்பூர் தேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்தில், தெய்வ உருவங்கள் தீட்டிய 48 கண்ணாடிப் பலகைகள் மேற்புறத்தில் பொருத்தப்பட்டுள்ளன. காலைக் கதிரும் மாலைக் கதிரும் அவற்றில் படும்படி அவை சாய்வாக அமைந்துள்ளன. அங்கே வண்ணத்திற்கு உயிரூட்டுபவன் கதிரவன்.

ஜொகூர் பாரு அருள்மிகு இராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயத்தின் வழியோ வேறு. ஏறத்தாழ 300,000 கண்ணாடித் துண்டுகள் சுவரிலும் தூணிலும் விதானத்திலும் ஒளிர்கின்றன. எங்கும் ஒரே பொருள், ஒரே ஒளி என்பதால், மேலும் கீழும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

மூன்றாவது பத்துமலை. 2018 ஆகஸ்டு 31ஆம் நாள் நடைபெற்ற குடமுழுக்கை முன்னிட்டு அங்குள்ள 272 படிகளும் பல வண்ணம் பெற்றன. அது குறித்துப் பாராட்டும் எழுந்தது; விமர்சனமும் எழுந்தது. ஆனால் அப்படிகளை ஏறி மேலே சென்றவர் காண்பது என்ன? சாயம் தீண்டாத சுண்ணாம்புப் பாறை. அதனிடையே ஓரிடத்தில் திறந்த வானம். கண் நிறைய வண்ணத்தைக் கண்டு வந்தவருக்கு, அந்தச் சாம்பல் நிறப் பாறையின் அடியில் மனம் தானே அடங்குகிறது.

நாங்கள் கற்ற பாடம்

எங்கள் வட்டாரத்து அம்மன் கோயிலின் திருப்பணிக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். 2011ஆம் ஆண்டுக் குடமுழுக்கின்போது, தூண்களுக்கு அரக்குச் சிவப்பும் கிளிப்பச்சையும், உத்தரங்களுக்குப் பொன் மஞ்சளும் தீட்டினோம். விதானம் வானத்தைப்போல் விளங்க வேண்டும் என்று உபயதாரர் ஒருவர் விரும்பினார். பளபளக்கும் அடர்நீலச் சாயம் பூசப்பட்டது. குடமுழுக்கு நாளன்று அனைவரும் வியந்து பாராட்டினர்.

சில மாதங்களிலேயே குறை தெரியலாயிற்று. பகலில் மண்டபம் உயரம் குறைந்து, தலைமேல் இறங்கிவிட்டதுபோல் தோன்றியது. இரவில் குழல் விளக்குகள் அனைத்தும் அந்தப் பளபளப்பில் கோடு கோடாகப் பிரதிபலித்தன. அக்கூச்சத்திற்குப் பழகிய கண்களுக்கு, எண்ணெய் விளக்கின் ஒளியில் வீற்றிருந்த அன்னையின் திருமுகம் மங்கலாகிவிட்டது. உபயதாரரின் மனம் புண்படுமே என்று எவரும் வாய் திறக்கவில்லை. அவர் காலமான பின்னரும் அந்த நீலம் அப்படியே இருந்தது.

2023ஆம் ஆண்டுத் திருப்பணியில் இக்கேள்வி மீண்டும் எழுந்தபோது, குழு இரண்டு பட்டது. நீலத்தை மாற்றுவது அப்பெரியவரை அவமதிப்பதாகும் என்றனர் சிலர். தூய வெள்ளையே நல்லது என்றனர் சிலர். வாதம் வளரவே, ஒரு மீட்டர் அகலமுள்ள நான்கு பலகைகளுக்கு நான்கு வண்ணங்கள் பூசி, விதானத்தை ஒட்டித் தொங்கவிட்டோம். மூன்று நாள்கள் காலை, உச்சி, மாலைப் பூசை வேளைகளில் அவற்றின் கீழ் நின்று பார்த்தோம். மூன்றாம் நாள் மாலை, நாள்தோறும் பூத்தொடுக்க வரும் மூதாட்டி ஒருவர் வெளிர் சந்தன நிறப் பலகையின் கீழ் நின்று, "இங்க நின்னாத்தான் ஆத்தா மொகம் நல்லாத் தெரியுது" என்றார். அவர் விதானத்தைப் பார்க்கவே இல்லை, கருவறையைத்தான் பார்த்தார். நாங்கள் அதுவரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்!

உபயதாரரின் பிள்ளைகளும் வந்து பார்த்து இசைவு தந்தனர். அவர்தம் தந்தை விரும்பிய நீலத்தை, நடுத் தாமரையைச் சூழ்ந்த வட்டத்தில் வைத்தோம். அது இன்றும் அங்கே இருக்கிறது.

வண்ணம் செய்யும் வேலை

இதன் காரணம் எளிது. நல்ல வெள்ளைச் சாயம் தன்மேல் படும் ஒளியில் 80 விழுக்காட்டிற்கும் மேல் திருப்பி அனுப்பும். அடர்ந்த நிறமோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். எனவே அடர்நிற விதானம் தாழ்ந்தும் கனத்தும் தோன்றும். அப்படியானால் தூய வெள்ளைதான் சிறந்ததா எனில், அதுவும் இல்லை. மண்டபத்தில் மிகுந்த ஒளியுடைய பரப்பாக விதானமே ஆகிவிடும்போது, கருவறை அதற்கு எதிராக இருண்டு தெரியும். மேலும், மஞ்சளுக்கு அருகே தூய வெள்ளை சற்று நீலம் பாய்ந்து தோன்றும். சிவப்புத் தூண்களின் சாயல் படிந்து ஆங்காங்கே இளஞ்சிவப்பாகவும் காணும்.

சிவப்பும் மஞ்சளும் மேலோங்கிய மண்டபத்திற்கு வெளிர் சந்தனம், தந்தம் போன்ற நிறங்கள் பொருந்தும். நீலமும் பச்சையும் மேலோங்கினால், சாம்பல் சாயல் சிறிதே கலந்த வெண்மை ஏற்றது. உத்தரங்களின் விளிம்புக்கு மட்டும் தூணின் நிறங்களில் ஒன்றைக் கோடாக இழுத்தால், மேலும் கீழும் ஒன்றுபடும். விதானம் முழுவதும் ஓவியம் தீட்டுவதாயின் தூண்களை அடக்கி வைக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே முழங்கலாகாது.

பூசுமுன் கவனிக்க

வண்ண அட்டையிலுள்ள சிறு கட்டத்தை நம்பி முடிவு செய்யலாகாது. பெரும் பரப்பில் நிறம் மிகுந்து தெரியும். நேரொளி குறைவாகப் படுவதால் விதானத்தில் அது இன்னும் இருண்டு காணும். ஆதலால் விரும்பிய நிறத்தைவிட ஓரிரு படி வெளிறியதையே தேர்க. விளக்குகளை முதலில் முடிவு செய்வதும் இன்றியமையாதது. 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் இதமாகத் தோன்றும் சந்தன நிறம், 6500 கெல்வின் வெள்ளொளியில் வெளிறிப்போகும்.

பளபளப்பு இல்லாத சாயம் பூச்சின் மேடுபள்ளங்களை மறைக்கும். ஆனால் யாகப் புகையும் கற்பூரக் கரியும் படிந்தால் துடைப்பது கடினம். மிகக் குறைந்த பளபளப்புடைய, கழுவத்தக்க சாயமே கோயிலுக்கு ஏற்றது. பழைய கரியைச் சோப்பு நீரால் கழுவி, கறை தடுக்கும் அடிப்பூச்சு இட்ட பின்னரே சாயம் பூச வேண்டும். இல்லையேல் பழுப்புக் கறை மீண்டும் வெளிப்படும். புதிய காரைப் பூச்சாயின் 28 நாள்களேனும் உலரவிடுக. அனைத்திற்கும் முன்பாகக் கூரையின் ஒழுக்கை அடைத்தல் வேண்டும். பெருமழை பெய்யும் நம் நாட்டில், ஒழுகும் கூரையின் கீழ் எவ்வண்ணமும் நில்லாது.

கோபுரம் தொலைவில் வருவோரை அழைக்கும். தூண்கள் உள்ளே வந்தோரை வழிநடத்தும். விதானத்தின் கடமை, கண்ணைத் தன்பால் இழுக்காமல் கருவறைக்கு விட்டுக்கொடுப்பது. திருப்பணி காணும் ஆலயங்களின் பொறுப்பாளர்கள், வண்ணத்தைத் தீர்மானிக்கும் முன்னர் ஒரு மாலைப் பூசைக்கு அடியார்களோடு அடியாராக நின்று பார்ப்பார்களாக. அன்னையின் திருமுகம் தெளிவாகத் தெரியுமாயின், தேர்ந்த வண்ணம் சரியே.