பாட்டில் வாயில் பூக்கும் வெள்ளை

மினாக்ஸிடில் லோஷனைக் கொஞ்ச நாள் தலையில் தடவியவர்களுக்கு அந்த வெள்ளைப் பொடியைத் தெரிந்திருக்கும். மூடியின் மரை இடுக்கிலும் ஸ்ப்ரே முனையிலும் படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும். பூஞ்சை பிடித்துவிட்டது, மருந்து போச்சு என்று பாட்டிலைக் குப்பையில் போடுபவர்கள் உண்டு. மெடிக்கல் ஷாப்புக்கே எடுத்துப்போய்க் காட்டிச் சண்டை பிடிப்பவர்களும் உண்டு. அந்தப் பொடி வேறொன்றுமில்லை, மினாக்ஸிடில்தான். காசு கொடுத்து வாங்கிய மருந்து, கரைசலை விட்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஏன் வெளியே வந்தது என்று விளங்கிக்கொண்டால், இதை எங்கே வைப்பது, கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

மினாக்ஸிடிலுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. ஒரு மில்லி தண்ணீரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம்தான் கரையும். எத்தனால் என்கிற ஆல்கஹாலில் 29 மில்லிகிராம் வரை கரையும். புரொப்பிலீன் கிளைக்கால் என்று ஒரு கொழகொழத்த திரவம் இருக்கிறது. அதில் 75 வரை போகும். கடையில் கிடைக்கும் 5 சதவீத லோஷன் என்றால் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் மருந்து இருக்க வேண்டும். அதனால் மூன்றையும் சேர்த்துத்தான் கரைக்கிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும் என்றாலும் பழைய, பரவலான கலவையில் பாதி கிளைக்கால், முப்பது சதவீதம் ஆல்கஹால், மீதி தண்ணீர்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மூடியோரம் ஒரு மில்லி லோஷன் வழிந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆல்கஹால் பறந்துவிடும், பின்னாலேயே தண்ணீரும் போகும். மிஞ்சுவது அரை மில்லி கிளைக்கால். 50 மில்லிகிராம் மருந்தும் அந்த அரை மில்லிக்குள் அடங்க வேண்டும்; அதாவது மில்லிக்கு 100. அதன் கொள்ளளவோ 75. அடங்காத மிச்சம் படிகமாக வெளியே வருகிறது. உப்பளத்துப் பாத்தியில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது.

தலையில் தடவியதும் இதே கதைதான், ஆனால் அங்கே அது நமக்கு வேண்டிய கதை. ஆல்கஹால் ஆவியாக ஆக, தோலின் மேல் நிற்கும் திரவத்தில் மருந்தின் செறிவு ஏறுகிறது. அந்த நெருக்கடிதான் மருந்தைத் தோலுக்குள் தள்ளுகிறது. உள்ளே போகாமல் மேலே காய்ந்தது வெள்ளைச் செதிலாக உதிரும். பொடுகு என்று நினைத்து அதற்குத் தனியாக ஷாம்பு வாங்குகிறவர்கள் நிறைய.

ஆகவே மூடியோரத்து வெள்ளையைக் கண்டு பயப்பட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். அதே படிகம் பாட்டிலின் அடியில் படிந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று குளிர். வெப்பம் இறங்கினால் கரைதிறனும் இறங்கும். ஃபிரிட்ஜில் வைத்த லோஷனில் படிகம் இறங்குவது இதனால்தான். வெளியே எடுத்து வைத்து, அறைச்சூட்டுக்கு வந்ததும் நன்றாகக் குலுக்கினால் கரைந்துவிடும். இன்னொன்று ஆல்கஹால் இழப்பு. மூடி சரியாக இறுகாமல் வாரக்கணக்கில் இருந்த பாட்டில் இது. இதில் படிகம் எத்தனை குலுக்கினாலும் கரையாது, கரைப்பதற்கான திரவமே குறைந்துபோயிற்றே. மூக்கால்கூடக் கண்டுபிடிக்கலாம். புதுப் பாட்டிலைத் திறந்ததும் ஆல்கஹால் நெடி சுள்ளென்று ஏறும். அந்த நெடி மங்கி, திரவம் எண்ணெய் போலக் கனத்திருந்தால் பாட்டிலின் ஆயுள் முடிந்தது. எஞ்சியிருப்பதில் கிளைக்காலின் பங்கு கூடியிருக்கும்; தலை அரிப்பும் எரிச்சலும் கூடும். கொஞ்சம் சானிடைசரோ ஸ்பிரிட்டோ ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று கைவைத்தியம் செய்ய வேண்டாம். என்ன செறிவில் எதைத் தடவுகிறோம் என்பது அதன்பிறகு யாருக்கும் தெரியாது.

ஆல்கஹால் எந்த வழியாகப் போகிறது? பெரும்பாலும் டிராப்பர் வழியாக. பெட்டியில் டிராப்பரும் ஸ்ப்ரேயும் தனியாக இருக்கும். பாட்டிலுக்குச் சாதாரண மூடியும் இருக்கும். வசதிக்காக டிராப்பரையே மூடியாகத் திருகி நிரந்தரமாக விட்டுவிடுகிறோம். ரப்பர் குமிழ் ஆல்கஹால் ஆவியில் ஊறி ஊறித் தளர்ந்துபோகும். தடவி முடித்ததும் டிராப்பரைத் துடைத்துத் தனியே வைத்து, சாதாரண மூடியை இறுக்கினால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது சூடு. மருந்து லேபிள்களில் ‘25 டிகிரிக்குள் வைக்கவும்’, ‘30 டிகிரிக்குள் வைக்கவும்’ என்று அச்சடித்திருப்பார்கள். மே மாதத்து வேலூரிலோ மதுரையிலோ, ஏசி இல்லாத வீட்டில், 25 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? இதில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. வேதிவினைகளின் வேகம் பத்து டிகிரிக்கு இரண்டு மூன்று மடங்கு ஏறும் என்பது பொதுவான கணக்கு. அதை வைத்துத்தான் மருந்துக் கம்பெனிகள் 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் ஆறு மாதம் வைத்துத் துரிதச் சோதனை செய்கின்றன. மினாக்ஸிடில் மூலக்கூறும் சூட்டுக்குச் சுலபத்தில் மசிவதில்லை. ஒரு கோடையில் அறை 36 டிகிரி தொட்டதால் பாட்டில் வீணாகிவிடாது. சூட்டில் முதலில் அடிவாங்குவது ஆல்கஹால்தான். மூடி இறுகியிருந்தால் அதுவும் தப்பிக்கும்.

வீட்டுக்குள்ளேயே நல்ல இடம், கெட்ட இடம் உண்டு. கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரண் மிக மோசம். கீசர் ஓடும் பாத்ரூம் அலமாரி, சமையலறை மேடை, ஜன்னலோரக் கண்ணாடி மேஜை ஆகியவையும் வேண்டாம். உள் அறை பீரோவின் கீழ்த்தட்டு போதும். சாமி விளக்கும் ஊதுவத்தியும் இருக்கும் அலமாரியில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; முப்பது சதவீத ஆல்கஹால் தீப்பிடிக்கும் சரக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. நுரையாக வரும் ஃபோம் இன்னும் ஒரு படி மேல். அந்தக் கேனுக்குள் பியூட்டேன், புரோப்பேன் போன்ற எரிவாயுக்கள் அழுத்தத்தில் இருக்கும். சுமார் 50 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது என்று கேனிலேயே எச்சரித்திருப்பார்கள். வெயிலில் நிறுத்திய கார் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். ஃபோம் கையில் பட்டதும் உருகி ஓடுகிறது, கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வரும். அதன் குணமே அதுதான், உடல் சூட்டில் உருகும்படி செய்தது. விரல்களைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு எடுத்தால் நுரையாகவே நிற்கும்.

சூட்டைவிட வெளிச்சத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மினாக்ஸிடிலின் வளையத்தில் ஒரு நைட்ரஜன் மேல் ஆக்சிஜன் அணு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் இந்தக் கட்டமைப்பு சிதையத் தொடங்கும். கரைசல் மஞ்சளாகி, போகப்போகப் பழுப்பேறும். லோஷன் ஒளிபுகாத வெள்ளைப் பிளாஸ்டிக்கிலோ பழுப்புக் கண்ணாடியிலோ வருவது இதற்காகத்தான். அழகான கண்ணாடி ஸ்ப்ரே பாட்டிலுக்கு மாற்றி டிரஸ்ஸிங் டேபிளில் வைத்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று.

ஆனால் நிறத்தை வைத்து வீரியத்தைக் கணக்குப் போட முடியாது. புதிதாகத் திறந்த லோஷன்கூட லேசான மஞ்சளாக இருக்கலாம், அது இயல்பு. மிகச் சிறிய அளவு சிதைவுப் பொருளும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நிறத்தைக் கொடுத்துவிடும். அதேபோல நிறமே மாறாத பாட்டிலில் ஆல்கஹால் போய்க் கலவை குலைந்திருக்கலாம். வாங்கிய அன்று இருந்த நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மஞ்சள் தெளிவாகக் கூடியிருந்தாலோ, கலங்கலாக இருந்தாலோ, வாடை மாறியிருந்தாலோ தூக்கிப் போடலாம். ‘இன்னும் எத்தனை சதவீதம் மிச்சம்?’ என்ற கேள்விக்கு ஆய்வகத்தில் திரவ நிறவரைவியல் கருவி மட்டுமே பதில் சொல்லும். மருந்தியல் தரநூல்கள் இதுபோன்ற கரைசலுக்குக் கேட்கும் கீழ் எல்லை, லேபிளில் போட்ட அளவில் 90 சதவீதம். 90-க்கும் 85-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பார்த்ததில்லை.

தலைமுடியே காட்டிக்கொடுக்குமே என்பார்கள். அதைப்போல மந்தமான சாட்சி வேறு கிடையாது. மருந்து முழு வீரியத்தோடு வேலை செய்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் ஆகும். போதாததற்கு, ஆரம்ப வாரங்களில் சிலருக்கு முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். ‘டூப்ளிகேட் சரக்கு’ என்று அப்போதுதான் பலர் பாட்டிலை விட்டெறிகிறார்கள். மருந்தை நிறுத்தினாலும் வளர்ந்தது உதிரச் சில மாதங்கள் பிடிக்கும். பாட்டில் சித்திரையில் கெட்டால் தலை ஆவணியில்தான் சொல்லும்.

அதனால் எனக்கு நம்பிக்கையான கருவி ஒரு மார்க்கர் பேனாதான். சீலை உடைத்த அன்றே தேதியைப் பாட்டிலின் மேல் எழுதிவிட வேண்டும். காலாவதித் தேதி சீல் உடையாத பாட்டிலுக்கானது. 06/2027 என்று இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள். திறந்த பாட்டிலுக்கு அந்த வாக்குறுதி கிடையாது. காலாவதி தாண்டியும் மருந்துகள் நன்றாகவே இருக்கும் என்று ஓர் அமெரிக்க ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான். ராணுவத்தின் மருந்துக் கையிருப்பை 1986 முதல் சோதித்துவந்தார்கள். 122 வகை மருந்துகளின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. பெரும்பாலானவற்றின் ஆயுளைக் குறைந்தது ஓராண்டாவது நீட்ட முடிந்தது. ஆனால் அவையெல்லாம் பிரிக்காத பெட்டிகளில், கட்டுப்பாடான கிடங்குகளில் இருந்தவை. தினமும் இரண்டு முறை திறந்து மூடும் லோஷனுக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பாட்டில் 60 மில்லி. தடவ வேண்டியது ஒரு வேளைக்கு ஒரு மில்லி, நாளைக்கு இரண்டு வேளை. முப்பது நாளில் காலி. ஒழுங்காகத் தடவுகிறவர் வீட்டில் பாட்டில் கெடுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஆறு மாதமாக ஒரே பாட்டில் ஓடுகிறது, இது கெட்டிருக்குமா என்று ஒருவர் கேட்டால், மருந்தின் நிலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் எத்தனை நாள் தடவினார் என்றுதான் கேட்பேன். தள்ளுபடியில் ஆறு மாதச் சரக்கை மொத்தமாக வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் திறந்து, மற்றவற்றைச் சீலோடும் பெட்டியோடும் வைத்திருந்தால் போதும்.

மினாக்ஸிடில் இவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதற்காக, தலையில் தடவும் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கீட்டோகொனசோல் ஷாம்பு ஆக்சிஜனேற்றத்தால் மெல்ல நிறம் மாறக்கூடியது. அதைத் தடுக்கவே சில தயாரிப்புகளில் பிஎச்டி (BHT) என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். மினாக்ஸிடில் சல்பேட் என்று ஒன்று ‘அதிக வீரியம்’ என்ற பெயரில் விற்கிறது. முடி வேர்களுக்குள் மினாக்ஸிடிலை ஒரு நொதி மாற்றியமைக்கும் செயல்வடிவம் அது. வெளியே தண்ணீர் கலந்த கரைசலில் அது சீக்கிரம் சிதைந்துவிடும். உடம்பு தேவைக்குத் தேவை செய்துகொள்ளும் பொருளை மாதக்கணக்கில் பாட்டிலில் அடைத்துவைப்பது எனக்கு வீண்செலவாகவே படுகிறது. சீரம் என்ற பெயரில் வரும் தண்ணீர்க் கலவைகளில் கிருமியைத் தடுக்க ஆல்கஹால் இல்லை, பதப்படுத்தும் பொருளை நம்பித்தான் இருக்கின்றன. டிராப்பர் நுனியைத் தலையில் தேய்த்துவிட்டு அப்படியே பாட்டிலுக்குள் விட்டால் அந்தப் பாதுகாப்பும் ஓரளவுக்குத்தான்.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வீரியத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றிருக்கிறது. மினாக்ஸிடில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாகத்தான் பிறந்தது. அமெரிக்காவின் அப்ஜான் கம்பெனி தயாரித்த அந்த மாத்திரைக்கு 1979-இல் அனுமதி கிடைத்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் லோஷன் வந்தது, அதற்கு அனுமதி 1988-இல். மாத்திரை 10 மில்லிகிராம். பீரோவில் இருக்கும் 60 மில்லி பாட்டிலில் 3,000 மில்லிகிராம், அதாவது முந்நூறு மாத்திரை. குழந்தை ஒரு மடக்குக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதயம் படபடக்கும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 14 மில்லிகிராமுக்கு மேல் மினாக்ஸிடில் உள்ள எந்தப் பொதிக்கும் குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்று அமெரிக்காவில் விதியே இருக்கிறது. 5 சதவீத லோஷனில் 14 மில்லிகிராம் என்பது கால் மில்லியைச் சற்றே தாண்டும் அளவு. பூனை வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தலையணையில் ஒட்டியதை நக்கினாலே பூனைக்கு உயிராபத்து.

வேறு பாட்டிலுக்கு மாற்றி வைக்கும் பழக்கத்துக்கு 2019-இல் ஸ்பெயினில் நடந்தது போதுமான பதில். வயிற்று அமிலத்துக்கான ஒமெப்ரசோல் என்று பெயர் ஒட்டி மருந்துக்கடைகளுக்கு வந்த மூலப்பொருளில் இருந்தது மினாக்ஸிடில். அதைச் சிரப்பாகக் கலந்து கொடுத்தார்கள். பதினைந்துக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளுக்கு நெற்றி, கன்னம், கை, கால் என்று முடி முளைத்தது. அங்கே தவறு நடந்தது மொத்த வியாபாரத்தில். வீட்டில் அதே தவறைச் செய்ய ஒரு பழைய சென்ட் பாட்டிலும் எழுத மறந்த ஒரு லேபிளும் போதும்.