கடனட்டைக் கடன்: கைமாற்றாமல் தீர்ப்பது எப்படி?

தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவருக்கு வங்கிகள் பொதுவாகக் கடனட்டை வழங்குவதில்லை; ஆனால் அவருடைய மகன் பாடசாலை ஆசிரியராகவோ, மகள் கொழும்பு நிறுவனமொன்றில் கணக்கு உதவியாளராகவோ வேலைக்குச் சேர்ந்து, மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியதும், அதே வீட்டுக்குள் கடனட்டையும் வந்துவிடுகிறது. வெலிமடை, ஊவா பரணகம, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளில் அட்டை ஒருவர் பெயரில் இருந்தாலும் அதில் ஏறுவது பெரும்பாலும் குடும்பச் செலவு: தம்பியின் கைபேசி, தாயின் சத்திரசிகிச்சை, தங்கையின் சடங்கு, கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி விலை சரிந்த பருவத்தில் உரக்கடைக்குத் தீர்க்க வேண்டிய பாக்கி. ஆகவே தவணை தவறும்போது அது தனியொருவரின் சிக்கலாக நிற்பதில்லை. அட்டைக்காரர் அதை அடைக்க வேறிடத்தில் கடன் வாங்க, அந்தக் கடன் தாயின் நகையையும் அயல்வீட்டுப் பெண்ணின் பிணைக் கையெழுத்தையும் தேடிப் போகிறது. கடனட்டைக் கடனை அது உண்டான வங்கியிலேயே வைத்துத் தீர்ப்பது ஏன் பாதுகாப்பானது, அதற்கு யாரை நாட வேண்டும் என்பவற்றை வாசகர் அறிந்திருப்பது இதனாலேயே அவசியமாகிறது.

கடன் கைமாறுவது மலையகத்துக்குப் புதியதன்று. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்த கங்காணி வழிச்செலவுக்குக் கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பெயரில் பற்றாக எழுதப்பட்டது. இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாட்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு துண்டு எனப்பட்டது. வேறொரு தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை அழைத்துக்கொண்டபோது பழைய பற்று தீர்ந்ததாகத் தோன்றினாலும், புதிய தோட்டத்தின் ஏட்டில் அது மீண்டும் எழுதப்பட்டது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஓர் அட்டையின் நிலுவையை இன்னொரு வங்கியின் அட்டை ஏற்றுக்கொள்ளும் இன்றைய நிலுவை மாற்றமும், அட்டைக் கடனை அடைக்க வாங்கும் கிழமை லோனும் ஏறத்தாழ அதே ஏற்பாட்டையே ஒத்தவை. கடன் கொடுத்தவர் மாறுகிறாரேயன்றிக் கடன்பட்டவர் விடுபடுவதில்லை.

குறைந்தபட்சக் கொடுப்பனவு என்னும் பொறி

கடனட்டையில் ஒரு மாதம் வாங்கிய பொருள்களுக்கான தொகை மாதக் கூற்றில் தொகுக்கப்பட்டு, அதைச் செலுத்தக் கடைசித் திகதி ஒன்று குறிக்கப்படுகிறது. அத்திகதிக்குள் முழுத் தொகையையும் செலுத்துபவருக்கு வட்டி இல்லை. ஒரு பகுதியை மட்டும் செலுத்துபவர் வட்டியில்லாச் சலுகையை இழப்பதால், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படுவதும் உண்டு. அட்டையைப் பயன்படுத்தித் தானியங்கி இயந்திரத்தில் காசு எடுத்தால் சலுகைக்காலமே கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டியும் அதற்கு மேலாகத் தனிக் கட்டணமும் சேர்கின்றன. கூற்றில் குறிக்கப்படும் குறைந்தபட்சக் கொடுப்பனவு என்பது, அம்மாதத்துக்குத் தவணை தவறியவராகக் கருதப்படாமல் இருக்கச் செலுத்த வேண்டிய சிறு தொகையே தவிர, கடனைத் தீர்ப்பதற்காக வகுக்கப்பட்ட தவணை அன்று.

இவ்வேறுபாட்டை ஒரு கணக்கு தெளிவாக்கும். 2 இலட்சம் ரூபா நிலுவைக்கு ஆண்டு வட்டி 28 சதவீதம், குறைந்தபட்சக் கொடுப்பனவு நிலுவையின் 5 சதவீதம் என்று கொண்டால், முதல் மாதம் செலுத்த வேண்டியது சுமார் 10,000 ரூபா; அதில் ஏறத்தாழ 4,700 ரூபா வட்டிக்கே போய்விடுகிறது. புதிதாக எதுவும் வாங்காமல் ஓராண்டு முழுதும் குறைந்தபட்சத் தொகையையே கட்டி வந்தால், கட்டிய மொத்தம் 1 இலட்சத்து 5,000 ரூபாவைத் தாண்டியிருந்தும் கடன் குறைந்திருப்பது சுமார் 57,000 ரூபா மட்டுமே. நிலுவை குறையக் குறைய குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே போவதால், 28 மாதங்கள் கழிந்த பின்னும் ஏறக்குறைய 90,000 ரூபா மீதமிருக்கும். கூற்றில் என்ன தொகை அச்சிடப்பட்டிருந்தாலும் மாதந்தோறும் மாறாமல் 10,000 ரூபாவைக் கட்டி வருபவரோ அதே 28ஆவது மாதத்தில் கடனை முழுதாகத் தீர்த்துவிடுகிறார். இருவரும் முதல் மாதத்தில் கட்டியது ஏறத்தாழ ஒரே தொகை என்பது கவனிக்கத்தக்கது.

வட்டி வீதமும் நிலையாக இருக்கவில்லை. இலங்கை மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்தது. நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாத நிலையை அறிவித்த 2022 ஏப்ரலில் அவ்வரம்பு நீக்கப்பட, வீதம் 30 சதவீதத்தை எட்டி அதற்கு மேலும் ஏறியது. 2023 ஆகஸ்டில் மீண்டும் 28 சதவீதம் என்று வரம்பு வந்தது. இதே காலத்தில், 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் நிர்ணயித்த 1,000 ரூபாவிலேயே 2024 வரை நின்றது. வீட்டில் மாதச் சம்பளம் பெறும் ஒரே ஒருவரின் அட்டை, அரிசிக்கும் மாவுக்கும் மருந்துக்கும் உரசப்பட்டது இச்சூழலிலேயாகும்.

அடைக்க வாங்கும் கடன்

கடனட்டைக் கடனுக்குப் பொதுவாகப் பிணை இல்லை. ஈடு வைத்த காணியும் இல்லை, கையெழுத்திட்ட பிணையாளரும் இல்லை. அதனால் வங்கி தன் விருப்பப்படி எச்சொத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடியாது; நீதிமன்றத்தை நாடித் தீர்ப்புப் பெற்றே அறவிட வேண்டும். ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் செல்லாமலே விற்க வங்கிகளுக்கு அதிகாரமளிக்கும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடே இல்லாத அட்டைக் கடனுக்குப் பொருந்தாது. வட்டி கடுமையானதாயினும் கடன்பட்டவருக்குச் சட்டப் பாதுகாப்பு ஓரளவு எஞ்சியிருக்கும் நிலை இதுவாகும்.

தவணை தவறிய வெட்கத்தாலும் தொலைபேசி அழைப்புகளுக்கு அஞ்சியும் அட்டைக்காரர் நகையை அடகு வைக்கும்போது, நகை மூழ்கும் ஆபத்து புதிதாக உண்டாகிறது. தாயின் பெயரில் நுண்நிதிக் குழுக் கடன் எடுக்கப்படும்போது, ஒருவர் கட்டத் தவறினால் குழுவிலுள்ள ஏனைய பெண்கள் கட்ட வேண்டிய பொறுப்பு ஏற்பட்டு, ஒரு லயத்தின் உறவுகளே பிணையாகின்றன. குழுக் கடனின் வட்டியும் கூறப்படுவதைவிடப் பெரும்பாலும் அதிகம்: 50,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் என்று முழு முதலுக்கும் வட்டி கணக்கிட்டு 12 தவணைகளில் அறவிட்டால், குறைந்து செல்லும் நிலுவையின் மீது உண்மையில் விழும் வட்டி ஏறக்குறைய 42 சதவீதமாகிறது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்நிதிக் கடன்களின் கடும் வட்டியையும் அறவிட வருவோரால் பெண்கள் அனுபவித்த துன்புறுத்தலையும் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 28 சதவீதக் கடனை அடைக்க 42 சதவீதக் கடனை வாங்குவது கடனைத் தீர்ப்பதாகாது.

முதல் கடிதம்

கட்ட முடியாத நிலை வருகிறது என்று தெரிந்தவுடனே, தவணை தவறும் முன்னரே, அட்டை வழங்கிய வங்கிக்கு எழுத்துமூலம் அறிவிப்பதே முதற்படி. கடிதத்தில் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், வருமானம் குறைந்த காரணம், மாதச் சம்பளம், வீட்டின் தவிர்க்க முடியாத செலவு, இவற்றைக் கழித்து மாதந்தோறும் உறுதியாகக் கட்டக்கூடிய தொகை ஆகியவற்றைக் குறித்து, மூன்று கோரிக்கைகளை வைக்கலாம்: அட்டையை நிறுத்தி நிலுவையைக் குறைந்த வட்டியில் நிலையான தவணைக் கடனாக மாற்றுவது, சேர்ந்துவிட்ட தாமதக் கட்டணங்களைத் தள்ளுபடி செய்வது, மறுசீரமைப்பு நிபந்தனைகளைத் தமிழில் எழுத்தில் தருவது. சம்பளச் சீட்டின் பிரதியை இணைத்து, கடிதத்தின் மறுபிரதியில் வங்கியின் திகதி முத்திரையைப் பெற்றுக்கொள்வது அல்லது பதிவுத் தபாலில் அனுப்புவது பின்னால் பெரிதும் உதவும். பேசித் தீர்மானித்த தொகை எவ்வளவு சிறியதாயினும் அதைத் தவறாமல் கட்டுவது, பெரிய தொகைக்கு ஒப்புக்கொண்டு இரண்டாம் மாதமே தவறுவதைவிட மேலானது.

தோட்டப்புறத்தில் முகவரியே தனிச் சிக்கலாகிறது. லயன் அறைகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து கைமாறிச் சேர்கின்றன. சில சேராமலே போகின்றன. வங்கிகள் வழக்குத் தொடரும் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் முதலில் நிபந்தனைத் தீர்ப்பாணை ஒன்றைப் பிறப்பிக்கிறது. கடனாளி குறித்த நாளில் முன்னிலையாகி, எதிர்வாதம் செய்ய அனுமதி பெறத் தவறினால் அதுவே முடிந்த தீர்ப்பாகிவிடும். எனவே சரியான முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் வங்கிக்கு அறிவித்திருப்பது கடனாளிக்கே நன்மை. அட்டைக் கடனைக் கட்டாதிருப்பது சிவில் விடயமேயன்றி, அதற்காக மட்டும் பொலிஸார் எவரையும் கைது செய்ய இயலாது. ஆனால் கணக்கில் காசில்லாமல் காசோலை கொடுப்பது குற்றமாகக்கூடும் என்பதால், அறவிட வருபவர் வற்புறுத்தினாலும் பின்திகதியிட்ட காசோலை கொடுக்கலாகாது. வீட்டுக்கு வருபவரிடம் அடையாள அட்டையையும் வங்கியின் அதிகாரக் கடிதத்தையும் கேட்பதும், காசைக் கையில் கொடுக்காமல் கணக்கிலேயே வைப்பிலிடுவதும் முறையானவை.

அடுத்த படிகள்

வங்கியின் பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, அறவிடுவோர் அவமதித்தாலோ, முதலில் அவ்வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவிலும், பின்னர் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திலும் முறையிடலாம். அதன் துரித அழைப்பு இலக்கம் 1935. நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளரை நேர்மையாக நடத்த வேண்டும் என்று வரையறுக்கும் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2023இல் வெளியாகியுள்ளன. வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்குகளை விசாரிக்க நிதியியல் குறைகேள் அதிகாரி இருக்கிறார். வழக்குவரை சென்றால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தோருக்கு உதவுகிறது. மத்தியஸ்த சபையிலிருந்து அழைப்பு வந்தால் அது தண்டனைக்கான அழைப்பு அன்று. அங்கே சென்று, கட்டக்கூடிய தொகைக்கு மட்டுமே உடன்பட வேண்டும். கடன் நெருக்கடியால் மனம் உடைந்து உயிரே வெறுத்துப் போகும் நிலையில் இருப்பவர் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டால் வாழ்நாள் முழுதும் கடன் கிடைக்காது என்ற அச்சமும் பலரைத் தவறான கடனுக்குத் தள்ளுகிறது. கிரிப் என்று அழைக்கப்படும், 1990இல் தோன்றிய கடன் தகவல் பணியகம் கறுப்புப்பட்டியல் தயாரிப்பதில்லை. கட்டியதையும் கட்டத் தவறியதையும் பதிவு செய்கிறது, கடன் தருவதா என்பதை வங்கியே முடிவு செய்கிறது. தன் அறிக்கையைப் பெற்றுப் பார்க்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒழுங்காகத் தீர்க்கப்பட்ட கடன் அதில் தீர்ந்ததாகவே பதிவாகும்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலமாகும் என்பதை மாதக் கூற்றிலேயே அச்சிட வேண்டும் என்று அமெரிக்கா 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. பல மாதங்களாக முதலைவிட வட்டியும் கட்டணமுமே அதிகம் கட்டிவரும் வாடிக்கையாளரை வங்கியே தேடிச்சென்று உதவ வேண்டும் என்று பிரித்தானிய ஒழுங்குபடுத்துநர் 2018இல் விதி செய்தார். இத்தகைய விதிகள் இலங்கைக்கும் ஏற்றவை. எச்சரிக்கை வரி கூற்றில் தமிழிலும் அச்சாகுமானால், ஊவாவின் தோட்டப்புற இளைஞர் பலர் ஆறாம் மாதத்திலேயே விழித்துக்கொள்வர். அதுவரை, இப்படியே கட்டினால் இக்கடன் எந்த மாதம் முடியும் என்று வெலிமடைக் கிளையின் கருமபீடத்தில் கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ள ஒவ்வொரு அட்டைக்காரருக்கும் உரிமை உண்டு. இன்னொரு கடனுக்கு விண்ணப்பப்படிவம் நிரப்பும் முன் செய்ய வேண்டியது அதுவே.