சிவாஜி ரசிகரா நீங்கள்? இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

நடிகர் திலகம் கேமரா முன் பேசிய முதல் சொல் எது தெரியுமா? ‘சக்ஸஸ்!’ 1952-ல் வந்த ‘பராசக்தி’க்காக ஏவி.எம். ஸ்டூடியோவில் பேசியது. அவர் நின்று பேசிய இடத்தில் நினைவுச் சின்னமே எழுப்பிவிட்டார்கள்! ஒரு நடிகரின் முதல் ஷாட்டுக்கு நினைவுச் சின்னம்! வேறெங்காவது கேள்விப்பட்டதுண்டா?

அந்தப் படத்துக்கு அவருடைய சம்பளம் மாதம் 250 ரூபாய்!

‘பையன் ஒல்லி, வேண்டாம்’ என்றார்கள். ‘இவன்தான் ஹீரோ’ என்று ஒற்றைக்காலில் நின்றவர் படத்தின் தயாரிப்பாளர் வேலூர் பி.ஏ.பெருமாள். சிவாஜி மறந்தாரா? உச்சிக்குப் போன பிறகும் பொங்கல் தவறாமல் வேலூருக்குப் போய் அவரை வணங்கிவிட்டு வருவார்! எனக்கு அவர் நடிப்பைவிட இதுதான் பெரிது என்று சில நாள் தோன்றும்!

சிங்கம்போலக் கர்ஜித்த அந்த மனிதர் சிறுவனாக மேடையில் போட்ட முதல் வேடம்? சீதை!

வி.சி.கணேசன், ‘சிவாஜி’ கணேசன் ஆனது யாரால்? பெரியாரால்! அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நின்ற கணேசனைப் பார்த்துப் பெரியார் வைத்த பெயர். ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது!

ஹீரோவாகி இரண்டே வருஷம். 1954. ‘அந்த நாள்’ படத்தில் அவருக்கு என்ன வேடம் தெரியுமா? தேசத்துரோகி! படம் தொடங்கியதுமே சுட்டுக் கொல்லப்படுகிறார்! ஒரு பாட்டுகூடக் கிடையாது! இன்றைக்கு எந்த ஹீரோவாவது ஒப்புக்கொள்வாரா, சொல்லுங்கள்!

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த படங்கள் எத்தனை? ஒன்றே ஒன்று! ‘கூண்டுக்கிளி’. அதுவும் அதே 1954!

1960-ல் கெய்ரோவில் ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழா. சிறந்த நடிகர் யார்? நம்மவர்! படம், ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’!

விருது வாங்கியதோடு விட்டாரா? கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறில் தன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கினார். 1970-ல் சிலை வைத்தார்! திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி ஒரு நிமிஷம் பாருங்கள். கட்டபொம்மன் நிற்கிறாரா, சிவாஜி நிற்கிறாரா என்று சந்தேகமே வந்துவிடும்!

‘கப்பலோட்டிய தமிழன்’ படம் பார்த்த வ.உ.சி.யின் மகன், திரையில் தன் தந்தையையே பார்த்ததாகச் சொன்னாராம். எல்லா விருதையும்விட அதையே பெரிதாக நினைத்தார் சிவாஜி! நினைக்க மாட்டாரா பின்னே!

1962. அமெரிக்க அரசின் அழைப்பில் பயணம். நயாகரா நகரத்துக்கு ஒரு நாள் மேயர் யார்? விழுப்புரத்தில் பிறந்த நம் கணேசன்!

இப்போது 1964-ஐக் கேளுங்கள். கர்ணன், பச்சை விளக்கு, ஆண்டவன் கட்டளை, கை கொடுத்த தெய்வம், புதிய பறவை, முரடன் முத்து, நவராத்திரி. ஒரே வருஷத்தில் 7 படங்கள்! கவச குண்டலத்தோடு நின்றவரும், ‘புதிய பறவை’யில் கோபாலாகப் பியானோ வாசித்தவரும் ஒரே ஆள் என்று புதிதாகப் பார்க்கும் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், நம்பாது!

அதில் ‘நவராத்திரி’ அவருடைய 100-வது படம். வேடங்கள் 9! அதே நாளில்தான் ‘முரடன் முத்து’வும் ரிலீஸ்! அன்றைக்குத் தியேட்டர் வாசலில் ரசிகர்கள் எந்தப் பக்கம் ஓடியிருப்பார்கள்!

ஒரே நாளில் இரண்டு சிவாஜி படம் என்பது அவருக்குப் பழக்கம். 1967 தீபாவளிக்கு ‘இரு மலர்கள்’, ‘ஊட்டி வரை உறவு’. இரண்டும் 100 நாள்! 1970 தீபாவளிக்கு ‘எங்கிருந்தோ வந்தாள்’, ‘சொர்க்கம்’. அவையும் 100 நாள்! தன் படத்துக்குத் தானே போட்டி!

மேக்கப் போடாமல் நடித்தார், தெரியுமா? ஸ்ரீதரின் ‘நெஞ்சிருக்கும் வரை’, 1967! அதே வருஷம் ‘திருவருட்செல்வர்’ படத்தில் தள்ளாத வயது அப்பர்! அந்த அப்பருக்கு மாதிரி யார்? காஞ்சி மகா பெரியவர்! கூன் விழுந்த முதுகு, நடுங்கும் விரல், கண்ணில் கனிவு. படம் வந்தபோது சிவாஜிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை!

‘தில்லானா மோகனாம்பாள்’, 1968. இங்கே கொஞ்சம் நிற்போம். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி வாசிப்பதாக நாம் கேட்பது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். சிவாஜிக்கு அதை வாசிக்கத் தெரியாது! ஆனால் ‘நலந்தானா’ பாட்டை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நான் எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. சீவாளியை உதட்டில் வைக்கும் பதம். கன்னம் புடைப்பது. கழுத்து நரம்பு தெறிப்பது. நீளமான பிடி முடிந்ததும் மூச்சை இழுத்துக்கொள்ளும் அந்த அரை நொடி. காயம்பட்ட கையின் வலி ஒரு பக்கம், பத்மினியைப் பார்த்துக் கலங்கும் கண் ஒரு பக்கம். விரல் மட்டும் துளையைவிட்டு விலகவே விலகாது! சத்தமே இல்லாமல் நாதஸ்வரம் கேட்கும்!

‘திருவிளையாடல்’ படத்தின் ‘பாட்டும் நானே’ நினைவிருக்கிறதா? பாடுபவர், வீணை, புல்லாங்குழல், மிருதங்கம், ஜதி. ஒரே பாட்டில் 5 சிவாஜி!

‘சாந்தி’ படத்தில் ‘யார் அந்த நிலவு’. ஆட்டம் இல்லை, ஓட்டம் இல்லை. கையில் ஒரு சிகரெட். அதோடு நடக்கும் ஒரு நடை. பாட்டையே கட்டி இழுத்துவிட்டார்! 1965-ல் வந்தது. இன்றும் அந்த நடையை நடந்து பார்க்காத சிவாஜி ரசிகன் உண்டா!

சாந்தி என்றதும் தியேட்டர் ஞாபகம் வருகிறதா? அண்ணா சாலையில் சிவாஜி குடும்பத்தின் சாந்தி தியேட்டர். 1961-ல் திறந்தது. 2016-ல் மூடியது. படம் பார்க்க மட்டுமா வந்தார்கள்? மாலையானால் வாசலில் ரசிகர்கள் கூடி நிற்பார்கள். எந்த ஊரில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று விரல் நுனியில் கணக்கு வைத்திருப்பார்கள்! தலைவர் மறைந்த பிறகும் கூடினார்கள்!

1969-ல் ‘தெய்வ மகன்’. அப்பா, இரண்டு மகன்கள், மூவருமே சிவாஜி! இந்தியா சார்பில் ஆஸ்காருக்குப் போன முதல் தமிழ்ப்படம் அதுதான்!

200-வது படம் ‘திரிசூலம்’, 1979. அதிலும் 3 வேடம்!

இனி சொல்லப்போவதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்கு எத்தனை முறை கிடைத்தது? ஒரு முறைகூட இல்லை! ‘தேவர் மகன்’ படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார்! சரியாகச் செய்தார்!

பிரான்ஸ் தேடி வந்து செவாலியே கொடுத்தது. 1995! தாதாசாகேப் பால்கே விருது அதற்கடுத்துத்தான்!

சிவாஜி மறைந்தது 2001 ஜூலை 21. 20 வருஷம் கழித்து, 2021 அக்டோபர் 1-ல் கூகுளைத் திறந்தால் முகப்பிலேயே அவர் படம்! பிறந்தநாள் டூடுல்!

‘கர்ணன்’ முதலில் வந்தது 1964 பொங்கலுக்கு. டிஜிட்டலில் மறுபடி வந்தது 2012 மார்ச்சில். நடுவில் 48 வருஷம்! தாத்தாக்கள் பேரன்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். திரைக்குச் சூடம் காட்டினார்கள். டிவியில் எத்தனையோ தடவை போட்ட படம்தான், வீட்டில் சும்மாவே பார்க்கலாம். ஆனாலும் டிக்கெட் எடுத்துப் பார்த்தார்கள். எத்தனை நாள் ஓடியது தெரியுமா? 100 நாளைத் தாண்டி!